வகுப்பறை இல்லாத காட்டுப் பள்ளி

தென்னாப்பிரிக்காவின் வைல்டர்னஸ் லீடர்ஷிப் ஸ்கூல் எப்படி வந்தது, என்னதான் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 1957-ல் தொடங்கியவர் இயன் பிளேயர், ஜூலு மக்களின் பகுதியான ஜூலுலாந்தில் வனக்காவலராக இருந்தவர், கோல்ஃப் வீரர் கேரி பிளேயரின் அண்ணன். ஆனால் அவருக்கே காட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் மகுபு ந்டோம்பேலா என்ற ஜூலு வனக்காவலர்; அந்தப் பெயரைப் பலரும் விட்டுவிடுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

பள்ளி என்று பெயர், வகுப்பறை கிடையாது. சின்னக் குழு, முதுகில் மூட்டை, ஜூலுலாந்தின் உம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகம் போன்ற காட்டுக்குள் சில நாள் நடை. ராத்திரி ஒவ்வொருவரும் முறைவைத்துத் தனியாகத் தீயருகே காவல் இருக்க வேண்டும். மற்றவர்கள் தூங்க, தூரத்தில் கழுதைப்புலி ஊளையிட, விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நேரம்தான் பாடமே.

அப்புறம், 1960-களில் உம்ஃபொலோசியின் வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பிடித்து வேறு இடங்களுக்கு அனுப்பியதிலும் பிளேயர்தான் முன்னின்றார். அது பள்ளியின் வேலையல்ல, அவருடைய வனத்துறை வேலை.