ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் வரும் நெருப்புப் பறவையைப் பொன் வேலைப்பாடுள்ள தோல்சுருளில் வரைய வேண்டும். தங்கத்தை எப்போது இட வேண்டும்?

தங்கம்தான் முதலில், வண்ணம் அப்புறம். வண்ணத்தில் கலந்த பிசின் மேல் தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தகடு) கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மெருகேற்றும்போது வண்ணமும் தேய்ந்துவிடும்.

ஆனால் நீங்கள் வரைவது சுருளில். ஏடுகளில் செய்வதுபோலச் சுண்ணப்பூச்சால் மேடு எழுப்பி அதன்மேல் ரேக்கு ஒட்டினால், சுருட்டி விரிக்கும்போது விரிசல் விடும். சிறகுகளுக்குத் தங்கத்தைத் தட்டையாகவே இடுங்கள். தங்கத்தூளை வேலம் பிசினில் குழைத்துத் தூரிகையால் தீட்டுவது இதற்கு மிகப் பொருத்தம். இந்தத் தங்கத்தை மட்டும் வண்ணத்தின் மேலும் தீட்டலாம், இறகின் மெல்லிய கோடுகள் அழகாக வரும்.

பின்னணி இருட்டாக இருக்கட்டும். ஜார் மன்னனின் தோட்டத்தில் பொன் ஆப்பிள்களைத் திருட இந்தப் பறவை இரவில்தானே வருகிறது! ரஷ்யாவின் பலேஹ் ஊர்க் கலைஞர்களின் அரக்குப் பெட்டிகளைப் பாருங்கள். கிறிஸ்தவத் திருவுருவ ஓவிய மரபில் வந்த அவர்கள், 1920களிலிருந்து கருப்புப் பரப்பில் முட்டைக்கரு வண்ணத்தால் கதைக்காட்சிகளைத் தீட்டி, மேலே நுண்ணிய தங்கக் கோடுகள் இழைத்து, ஓநாய்ப் பல்லால் மெருகேற்றினார்கள். ரஷ்ய ஓவியர் இவான் பிலிபின் 1899இல் வரைந்த நெருப்புப் பறவையின் அழுத்தமான புறக்கோடுகளும் சுருளுக்கு நன்றாகப் பொருந்தும்.