கோணல் விரலும் மகன் சேவலும்

வணக்கம் ஐயா. மேலூர் பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சித்திரையில் இன்குபேட்டரில் 90 முட்டை வைத்தேன். பத்தாம் நாள் ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் 71 பொரிந்தது, ஒரு குஞ்சுக்கும் குறையில்லை. ஆடியில் மறுபடி 90 வைத்தேன். கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. 74 பொரிந்தது, ஐந்துக்கு விரல் கோணல். அதில் மூன்றுக்கு வலது காலில் மட்டும். அதே மிஷின், அதே பெட்டைகள், அதே தீவனம். பழைய சேவல் செத்துப்போனதால் அதன் மகனை விட்டிருக்கிறேன், அது ஒன்றுதான் மாற்றம். இது சூட்டால் வந்ததா, பரம்பரையா?
– ம., மேலூர்

அன்புள்ள ம.,

குறையை மட்டும் சொல்லாமல் எந்தக் கால் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரம்தான் இதில் பெரிய துப்பு.

முதலில் கரண்ட் போன இரவு. சித்திரை மாதத்து அறையில், மூடிய பெட்டிக்குள் நெருக்கமாக இருக்கும் முட்டைகள் மெதுவாகத்தான் ஆறும். ஆறினாலும் கருவுக்குள் நடக்கும் வேலைகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே மந்தமாகின்றன. ஒன்று முந்தி ஒன்று பிந்திப் போவதில்லை என்பதால் வரிசை கலையாது, பொரிப்பு சில மணி நேரம் தள்ளிப்போகும். அடைக்கோழியும் தினம் ஒரு தடவை இரை தின்ன எழுந்து போகிறதே! மேலும், கால் மொட்டு மூன்றாம் நாளிலேயே அரும்பிவிடும். பத்தாம் நாளுக்குள் விரல்கள் எத்தனை, எந்த வரிசையில் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும்.

சூடு ஏறுவது வேறு கதை. 37.5 டிகிரியிலிருந்து மூன்று டிகிரி இறங்கினால் சில மணி நேரம் தாங்குகிற கரு, அதே மூன்று டிகிரி ஏறினால் தாங்காது. முதல் நாட்களில் ஏறினால் மூளையும் கண்ணும் கெடும். கரண்ட் போகவில்லை என்பதால் ஆடியில் சூடு சரியாக இருந்தது என்று ஆகிவிடாது, தெர்மோஸ்டாட்டையும் சந்தேகப்படுங்கள். ஃபேன் உள்ள மிஷினில் 37.5. ஃபேன் இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் தெர்மாமீட்டரை வைத்து 38.5 அளவில் இருக்க வேண்டும். தட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும்.

இனி உங்கள் கேள்வி. சிறு தடங்கல் வந்தாலும் கரு தடம் மாறாமல் வளர்வதற்கு இங்கிலாந்து உயிரியலாளர் வாடிங்டன் 1942-ல் வைத்த பெயர் கேனலைசேஷன். வாய்க்காலில் ஓடுவது என்று பொருள். மேலூர்க்காரருக்கு வாய்க்காலை விளக்க வேண்டியதில்லை. கரை உயரமாக இருந்தால் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதே வயலுக்குத்தான் போகும். கருவில் அந்தக் கரையாக நிற்பவை ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் இணைப்புகள். கால் மொட்டின் பின் ஓரத்திலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது, நுனி விளிம்பிலிருந்து இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வளர்க்கின்றன. இடையில் தடுக்கும் புரதமும் உண்டு, அந்தத் தடுப்பைத் தடுக்கும் புரதமும் உண்டு. இவற்றில் ஒன்று சற்றுத் தளர்ந்தால் மற்றவை ஈடுகட்டும்.

இந்தக் கரைக்கு இன்னொரு விளைவு உண்டு. மரபணுக்களில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகளையும் அது வெளியே தெரியாமல் மறைத்துவிடும். 1953-ல் வாடிங்டன் பழ ஈயின் கூட்டுப்புழுக்களை 40 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தார். சில ஈக்களின் இறகில் ஒரு குறுக்கு நரம்பு காணாமல் போனது. அந்த ஈக்களையே தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்தார். 14-ஆம் தலைமுறையில் சூடே படாத ஈக்களிலும் சிலவற்றுக்கு அந்த நரம்பு இல்லை. சூடு புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வெளியே கொண்டுவந்தது. 1998-ல் ரதர்ஃபோர்டு, லிண்ட்குவிஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹெச்.எஸ்.பி.90 என்ற புரதத்தைப் பழ ஈயில் குறைத்துப் பார்த்தார்கள். மற்ற புரதங்கள் உருக்குலையாமல் நிற்க உதவுவது இது. ஒரு வம்சத்தில் கண் கெட்டது, இன்னொன்றில் இறகு, மற்றொன்றில் கால். கரை தாழ்ந்தபோது ஒவ்வொரு வம்சமும் தனக்குள் மறைத்து வைத்திருந்தது வெளிப்பட்டது. ஆகவே ‘சூடா, பரம்பரையா’ என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் விடை கிடைக்காது.

உங்கள் பட்டியில் கரை தாழ்ந்தது எதனால்? மகன் சேவல் தன் தாயோடும் அக்கா தங்கைகளோடும் சேர்கிறது. அமெரிக்காவில் கோழி மரபியல் ஆராய்ந்த லெர்னர் 1954-ல் இதைத்தான் விளக்கினார். நெருங்கிய உறவில் இனம் சேர்த்தால் கருவின் ஈடுகட்டும் திறன் குறையும், அப்போது சில குறைகள் சிறு விகிதத்தில் தலைகாட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் கோழியின் கோணல் விரலும் ஒன்று. வலது காலுக்கும் இடது காலுக்கும் மரபணு ஒன்றுதான், முட்டையும் சூடும் ஒன்றுதான். இருந்தும் ஒரு கால் மட்டும் கோணினால், தற்செயலான சிறு ஆட்டத்தைக்கூட அந்தக் கருவால் திருத்த முடியவில்லை என்று அர்த்தம். உங்கள் மூன்று குஞ்சுகளை வைத்து நான் சேவலைச் சந்தேகிப்பது இதனால்தான்.

ஆனால் சேவலை அறுப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள். விரல் உள்பக்கமாகச் சுருண்டு, குஞ்சு நிற்க முடியாமல் கணுக்காலில் உட்கார்ந்தால் அது பி2 சத்துக் குறைவு. தண்ணீரில் வைட்டமின் கலந்து கொடுத்தால் ஆரம்பத்திலேயே தேறும். விரல் பக்கவாட்டில் வளைந்து, நடை நன்றாக இருந்தால் அது வேறு. பொரிந்து ஒரு வாரம் கழித்து வளைந்தால் தரையைப் பாருங்கள், வழுக்கும் காகிதம் விரித்திருக்கக் கூடாது.

அதன்பின், உறவில்லாத சேவல் ஒன்றை வேறு ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். பெட்டைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அதனோடு விடுங்கள். மகன் சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கும். அதனால் மூன்று வாரம் இடும் முட்டையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சேர்த்ததை வையுங்கள். முட்டையின் அகன்ற முனையில் பென்சிலால் குறியிடுங்கள், மார்க்கர் வேண்டாம். இரண்டு பாதியையும் ஒரே நாளில், ஒரே மிஷினில், தட்டில் கலந்து வையுங்கள். 18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தும்போது இரண்டையும் நடுவில் வலை வைத்துப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் குஞ்சு எந்தச் சேவலுடையது என்று தெரியாமல் போகும்.

90 முட்டை போதாது. நூற்றுக்கு ஏழு அளவில் வரும் குறையில், ஒரு தடவை ஐந்தும் இரண்டும் என்று வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்று நான்கு தடவை வைத்துக் கூட்டிப் பாருங்கள். கோணல் வந்த குஞ்சின் கூடப் பிறந்தவை பார்க்க நன்றாக இருந்தாலும் இனத்துக்கு விடாதீர்கள், விற்றுவிடுங்கள். பொரித்த அன்றே எந்தக் கால், எந்த விரல், எந்தச் சேவல் என்று நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள்.