டிரைவர் அப்பாவின் டிரங்குப் பெட்டி: எதை முதலில் செய்வது?

தஞ்சாவூர் வாசகி ஒருவரின் கேள்வி: "என் அப்பா 1955-இல் ரயில் என்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேன், ஷண்டர் என்று ஏறி ரயில் டிரைவராக ஓய்வு பெற்றவர். இப்போது அவர் இல்லை. அவருடைய டிரங்குப் பெட்டியில் படங்கள், புளிப்பு வாடை அடிக்கும் சில நெகட்டிவ்கள், பழைய அட்டை டிக்கெட்டுகள், கணக்கு எழுதிய நோட்டுகள், 'எஸ்.ஐ.ஆர்.' என்று பொறித்த ஒரு கைவிளக்கு எல்லாம் இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது? இணையத்தில் போடலாமா? அவரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் திருச்சி பொன்மலையில் இருக்கிறார்."

கடைசி வரியில் இருக்கிறது உங்கள் முதல் வேலை. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, இந்த வாரமே பொன்மலைக்குப் போங்கள். படங்கள் இன்னும் ஐந்து வருடம் தாங்கும். அதில் நிற்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. யார், எங்கே, எப்போது என்று தெரியாத நீராவி என்ஜின் படம் எத்தனையோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றால் வரலாற்றுக்குப் பெரிய பயன் இல்லை.

போகும்போது படங்களைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்துப் போங்கள். ஃபோனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் ஐயா" என்றால் மேடைப் பேச்சுதான் வரும். "டெண்டர் மேல் நிற்பது யார்? இது எந்த ஷெட்? ரன்னிங் ரூமில் சமையல் யார் செய்வார்? லைன் பாக்ஸில் என்னென்ன வைத்திருப்பீர்கள்? ராத்திரி டியூட்டிக்கு வீட்டுக்கு வந்து எழுப்புவது யார்?" என்று கேட்டால் பேச்சு தானாக வரும். (டெண்டர் என்பது என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றும் வண்டி; ரன்னிங் ரூம், வெளியூரில் ஊழியர்கள் தங்கும் இடம்; லைன் பாக்ஸ், டியூட்டிக்கு எடுத்துப் போகும் பெட்டி.) 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அதை வெளியிடுவதற்கு முன் மட்டும் அவரிடம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தக் கணக்கு நோட்டுகள். பலரும் படங்களைத்தான் பொக்கிஷம் என்பார்கள்; நான் நோட்டுக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். டிரைவர்கள் ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் மைலேஜ் படியைச் சரிபார்க்கத் தங்களுக்கென்று தனியாகக் கணக்கு எழுதிக்கொள்வதுண்டு. தேதி, வண்டி எண், என்ஜின் எண், புறப்பட்ட நேரம், எங்கே எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரே வரியில் எல்லாம் இருக்கும். எந்த என்ஜின் எந்தத் தடத்தில் ஓடியது என்பதற்கு இது நல்ல சான்று. 'ஒய்.பி.', 'ஒய்.ஜி.' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்: 'ஒய்' மீட்டர் கேஜ், 'பி' பயணிகள் வண்டி என்ஜின், 'ஜி' கூட்ஸ் என்ஜின். ஸ்டேஷன் பெயர்களும் குறியீடாகவே இருக்கும். டி.பி.ஜே. என்றால் திருச்சி ஜங்ஷன், எம்.எஸ். என்றால் எழும்பூர்.

தேதி இல்லாதவற்றுக்குக் காலம் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. டிக்கெட்டில் தேதியை மையில்லாமல் அழுத்திப் பதிப்பதுண்டு. நேராகப் பார்த்தால் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சை அட்டையின் விளிம்பிலிருந்து படுக்கைவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எண்கள் எழும்பி வரும். தேதி கிடைக்கவில்லையா, கட்டணத்தைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முந்தையது, அல்லது அதையொட்டிய காலத்தது. மூன்றாம் வகுப்பு என்றிருந்தால் 1974-க்குப் பிந்தையது அல்ல. அந்த ஆண்டுதான் அந்த வகுப்பை எடுத்தார்கள். படத்தில் உள்ள ரயில் பெட்டியிலோ, விளக்கிலோ எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால், 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன் சவுத் இந்தியன் ரயில்வே செய்துவைத்த பொருள். ஆனால் பொருளின் வயது வேறு, படத்தின் வயது வேறு. பழைய எழுத்தோடு பல வருடம் ஓடிய ரயில் பெட்டிகள் உண்டு. ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்து மேல் தார் பூசியிருந்தால், பெரும்பாலும் 1952-இல் திராவிடர் கழகம் நடத்திய அழிப்புப் போராட்டத்துக்குப் பிந்தைய படம்.

நெகட்டிவில் வரும் புளிப்பு வாடை, அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும். அவற்றை உடனே தனியாகப் பிரித்து, காகித உறையில் போட்டு, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடாதீர்கள். இப்படி வைத்தாலும் சிதைவு நிற்காது, வேகம்தான் குறையும். அதனால் ஸ்கேன் வரிசையில் இவைதான் முதல். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்கவே கூடாது.

மற்றவற்றுக்கு அதிகச் செலவு இல்லை. லாமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் எடுத்துவிடுங்கள். படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள். வெயில் சூட்டில் வெந்துபோகும். தரையிலும் வேண்டாம், கரையான். அப்பா எந்த வரிசையில் அடுக்கி வைத்திருந்தாரோ, கலைப்பதற்கு முன் அதை அப்படியே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கவரில் இருந்த நாலு படங்கள் ஒரே பயணத்தில் எடுத்தவையாக இருக்கலாம்.

ஸ்கேன்: படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) கோப்பாக, பின்பக்கமும் சேர்த்து. நோட்டுக்கு 300 போதும், ஆனால் கலரில். நெகட்டிவுக்கு 3000-ஐ ஒட்டிப் போகவேண்டும். அதற்கான வசதியுள்ள ஸ்கேனர் தேவை. இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறையாமலிருக்க, படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இணையத்தில் போடலாமா? அப்பாவே எடுத்த படங்களின் உரிமை வாரிசுகளுக்கு வரும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் சம்மதித்தால் விக்கிப்பீடியாவின் பொதுப் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். ஏற்றியபின் யாரும் எடுத்தாளலாம் என்பது தெரிந்திருக்கட்டும். ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்து எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை காசு கொடுத்தவருக்கு. எடுத்தவர் யாரென்றே தெரியாத படத்தை உங்கள் பெயரில் போடாதீர்கள். நோட்டில் சக ஊழியர்களின் தண்டனை, சஸ்பென்ஷன், கடன் விவரம் இருந்தால் அந்தப் பக்கங்களை வெளியே விடவேண்டாம். அவர்கள் பிள்ளைகள் அதே ஊரில்தான் இருப்பார்கள்.

அசலைக் கொடுக்க நினைத்தால், காகிதங்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். பொருள்களுக்குத் திருச்சி ரயில் அருங்காட்சியகம், அல்லது சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகம். வாய்வார்த்தையில் கொடுக்காதீர்கள். பொருள் பட்டியல், பொதுமக்கள் பார்க்கலாமா என்ற விவரம், டிஜிட்டல் நகல் உங்களுக்கும் கிடைக்குமா என்பது, எல்லாம் எழுத்தில் வரட்டும்.

விளக்கு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. புளி போட்டோ பாலிஷ் போட்டோ தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பொறித்த எழுத்து மழுங்கிவிடும். அப்புறம், அது ரயில்வே முத்திரை உள்ள பொருள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெறும்போது கொடுத்ததா, ஏலத்தில் எடுத்ததா என்று தெரிந்துகொள்ளாமல் விற்பனைத் தளங்களில் போடாதீர்கள். அதற்கான கடிதமோ ரசீதோ பெட்டியிலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பொன்மலைப் பெரியவரிடம் இதையும் கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கிவையுங்கள். சட்டப்படி அது எவ்வளவு நிற்கும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு, பிறகு அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள்.