ஆஃபர் லெட்டர் வராமல் பேப்பர் போடலாமா?

கேள்வி: கோவையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சென்னைக் கம்பெனி ஒன்றில் ஐந்து ரவுண்டு இன்டர்வியூ முடித்தேன். கடைசியில் ஹெச்.ஆர். மேடம், “நீங்க செலக்ட். ராஜினாமா பண்ணாலும் 90 நாள் நோட்டீஸ் முடிச்சுதானே வருவீங்க, இப்பவே பேப்பர் போட்டுடுங்க. ஆஃபர் லெட்டர் அடுத்த வாரம் வந்துடும்” என்றார். பே ஸ்லிப் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். மூன்று வாரமாகப் பதிலே இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில், பேப்பர் போடாதீர்கள்.

அந்த மேடம் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. இன்டர்வியூ எடுத்தவர்கள் ‘ஓகே’ சொன்னதும் ஹெச்.ஆர். வாயில் ‘செலக்ட்’ வந்துவிடும். சம்பளத்துக்கு மேலிடம் ஒப்புதல் தருவது அதற்கப்புறம்தான். இடையில் கிளையன்ட் புராஜெக்டைத் தள்ளிப்போட்டால் அந்த வேலையே காணாமல் போகும். அல்லது பதினைந்தே நாளில் சேரக்கூடிய ஒருவருக்கு ஆஃபர் போயிருக்கும்; அவர் வந்து சேரும்வரை உங்களைக் கையில் வைத்திருப்பார்கள். இதை யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். ஐந்து ரவுண்டு உட்காரவைத்துவிட்டு ஒருவரி மெயில்கூட அனுப்பாதது மரியாதைக்கேடுதான், சந்தேகமே இல்லை.

எழுத்தில் வந்ததே மாறுகிற காலம் இது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் வாங்கிக் காத்திருந்த புதியவர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. வெறும் வாய்வார்த்தையை எப்படி நம்புவது?

வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு ஒரு மெயில் அனுப்புங்கள். “கடைசி ரவுண்டில் தேர்வானதாகச் சொன்னீர்கள். ஆஃபர் லெட்டர் கிடைத்ததும் ராஜினாமா செய்யத் தயார். வரும் வெள்ளிக்குள் நிலவரம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.” இவ்வளவு போதும். கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் பதில் இல்லையென்றால் அந்தக் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இன்டர்வியூக்களை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.

லெட்டர் வந்தாலும் துள்ளிக் குதிக்காமல் படியுங்கள். சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று போட்டிருக்கும் தொகையில் கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, கூடக் குறைய வரும் வேரியபிள் எல்லாம் சேர்ந்திருக்கும். மாதம் கைக்கு எவ்வளவு என்று கேட்டு, பதிலை மெயிலிலேயே வாங்குங்கள். ‘பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் திருப்தியாக முடிந்தால்’ என்று ஒரு வரி இருக்கும்; நீங்கள் சொன்ன பழைய வேலை விவரங்களைச் சரிபார்ப்பதுதான் அது. நீங்கள் ரெஸ்யூமேயில் போட்ட தேதிகள் பழைய ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சேரும் தேதியையும், 90 நாளைக் குறைக்க இப்போதைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பை-அவுட் தொகையை அவர்கள் தருவார்களா என்பதையும் பேசி முடித்துவிட்டுப் பேப்பர் போடுங்கள்.

இடையில் யாராவது ‘லேப்டாப் டெபாசிட்’ என்று பணம் கேட்டால் அது மோசடி, போனை வைத்துவிடுங்கள். அப்புறம், இப்போதைய மேனேஜரிடம் இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அப்ரைசல் நேரத்தில், ‘எப்படியும் போகப்போகிற பொண்ணுதானே’ என்று சம்பள ஹைக்கில் கை வைத்துவிடுவார்.