மின்னஞ்சல் குழுவை வேறு சர்வருக்கு மாற்றுவது: சில கேள்விகள், பதில்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மின்னஞ்சல் குழு நடத்துகிற சிலர் சர்வர் மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் இருப்பது, குழு மெயிலை உறுப்பினர்களுக்கு அனுப்பும் மென்பொருளான மெயில்மேனின் பழைய 2-ஆம் பதிப்பில். அது பைதான் 2 என்ற நிரல்மொழியை நம்பி ஓடுவது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. அதனால் மெயில்மேன் 3-க்குப் போவதாக வைத்தே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: அண்ணா, முகவரிகளை எக்செல்லில் எடுத்துப் புது சர்வரில் சேர்த்துவிட்டால் போதாதா?

முகவரி வரும், அவரவர் செய்துவைத்த அமைப்பு வராது. நாளுக்கு ஒரே தொகுப்பாக வாங்குகிறவர், மெயிலே வேண்டாம் என்று நிறுத்திவைத்தவர் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். நிறுத்தியவருக்குத் திடீரென்று மெயில் குவிந்தால் ஸ்பாம் பட்டனை அழுத்திவிடுவார். பழைய சர்வரில் குழுவின் ஃபோல்டருக்குள் 'கான்ஃபிக்.பிசிகே' என்ற கோப்பு இருக்கும். புது சர்வரில் குழுவை உருவாக்கிவிட்டு, 'இம்போர்ட்21' கட்டளையால் அதை உள்ளே இழுங்கள். கடவுச்சொல் மட்டும் வராது. பழையது அதைக் குறியாக்கம் செய்யாமல் வைத்திருந்து மாதாமாதம் மெயிலில் வேறு அனுப்பும். ஒழிந்தது நல்லதே.

ஓசூர்: மாற்றுகிற நேரத்தில் வரும் மெயில் தொலைந்துவிடுமா சார்?

தொலையாது, பழைய சர்வரை வாய்திறக்க விடாமல் வைத்தால். சர்வர் பதிலே சொல்லாவிட்டால் அனுப்பியவரின் சர்வர் விட்டுவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். நான்கைந்து நாள் வரை முயல்வதுதான் வழக்கம். "அப்படி ஒரு முகவரி இல்லை" என்று 550 பதில் போய்விட்டால் மெயில் அப்போதே திரும்பிவிடும். ஆகவே முதலில் மெயில் சேவையை நிறுத்துங்கள், பிறகு மற்றதைத் தொடுங்கள். மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டொமைனின் எம்எக்ஸ் பதிவு; அதன் டிடிஎல், அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம், 86400 விநாடி என்றிருந்தால் இரண்டு நாள் முன்பே 300 ஆக்கிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி: மாற்றி முடித்துவிட்டோம். மாம்பழ விலை பற்றிப் போடுகிற மெயில் எல்லாம் ஜிமெயில்காரர்களுக்கு ஸ்பாமில் விழுகிறது.

இதுதான் உண்மையான வேலை. மற்றதெல்லாம் கோப்பு நகர்த்துவது.

உங்கள் புது ஐபி முகவரியை ஜிமெயிலுக்குத் தெரியாது. அதற்கு முன்னால் அதை வைத்திருந்தவர் என்ன அனுப்பினாரோ, அந்தப் பெயரும் உங்கள் தலையில்தான். முதலில் பிடிஆர் பதிவைப் பாருங்கள்: ஐபியைத் தேடினால் உங்கள் சர்வர் பெயர் வர வேண்டும். இதை டொமைன் வாங்கிய இடத்தில் மாற்ற முடியாது, சர்வர் வாடகைக்குத் தந்தவரிடம் கேட்க வேண்டும். எந்த ஐபியிலிருந்து உங்கள் பெயரில் மெயில் வரலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் பழைய ஐபியே உட்கார்ந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். மெயில் உங்கள் டொமைனிலிருந்து வந்ததே என்று காட்டும் டிகிம் கையொப்பம் போடுங்கள்.

அப்புறம் டிமார்க்: தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் மற்ற சர்வர்களுக்குச் சொல்லிவைக்கும் விதி. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வெளியிலிருந்து வரும் மெயிலைத் தள்ளிவிடச் சொல்லி அறிவித்தது. குழு மெயில் அப்படித்தானே போகிறது? உறுப்பினர் எழுதியது உங்கள் சர்வரிலிருந்து கிளம்புகிறது. அதற்காகவே மெயில்மேனில் அனுப்புநர் இடத்தில் குழு முகவரியைப் போடும் வசதி உண்டு. உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை, போடுங்கள்.

காவேரிப்பட்டணம்: பழைய மடல்கள் கொண்டுவந்தோம், பாதி எழுத்து புரியவில்லை.

அவை பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கமான திஸ்கியில் எழுதியவையாக இருக்கலாம். லினக்ஸில் உள்ள 'ஐகான்வ்' கட்டளை திஸ்கியை யூனிகோடாக்கும். மொத்தக் கோப்பையும் ஒரே போடாகப் போடாதீர்கள். நடுவில் ஏற்கெனவே யூனிகோடில் உள்ள மடல்கள் கெட்டுவிடும். மடல் மடலாகப் பிரித்துச் செய்யுங்கள், மூலத்தைத் தனியே வையுங்கள்.

ஊத்தங்கரை: குழு 2003-இல் தர்மபுரி பெயரில் ஆரம்பித்தது. 2004-இல் மாவட்டம் பிரிந்தாயிற்று. சர்வர் மாற்றும்போதே பெயரையும் மாற்றிவிடலாமா?

வேண்டாம். பெயர் மாறினால் மெயிலோடு போகும் குழு அடையாளமும் மாறும், அதை வைத்து மெயிலைப் பிரிக்க உறுப்பினர்கள் போட்டுவைத்த வடிகட்டிகள் எல்லாம் செத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது எதனால் உடைந்தது என்றே தெரியாது. சர்வர் ஒரு மாதம் சுத்தமாக ஓடட்டும், பிறகு பெயர்.

அரூர்: பழைய சர்வரை எப்போது நிறுத்தலாம்?

மெயில் வரத்து நின்றுவிட்டதை சர்வரின் லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பு) பார்த்தபின். பழைய மடல்களின் ஹெச்டிஎம்எல் பக்கங்களை மட்டும் அதே முகவரியில் விட்டுவையுங்கள். புதியதில் இணைப்புகள் வேறு மாதிரி அமையும்.