தனி ஆளா ஒரு பேண்ட் நடத்தலாமுங்களா?

இசைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கிட்டார் ஓரளவு வாசிப்பேனுங்க. டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, பாட்டுன்னு எல்லாத்தையும் ஒரே ஆளு பண்ணி ராக் ஆல்பம் போடறது நெசமாவே ஆகுற காரியமுங்களா? அடுத்து எந்த வாத்தியம் கத்துக்கோணும்?
– கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

ஆகும். 50 வருஷத்துக்கு மேலாக ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. பீட்டில்ஸ் உடைந்துகொண்டிருந்த நேரத்தில் பால் மெக்கார்ட்னி தன் லண்டன் வீட்டிலேயே, நான்கு ட்ராக் டேப் மெஷினில் மைக்கை நேராகச் செருகி ஒரு ஆல்பத்தைத் தொடங்கினார். 1970-ல் வெளிவந்த அதில் வாத்தியங்கள் எல்லாம் அவர் கைதான். 1973-ல் இங்கிலாந்தின் மைக் ஓல்ட்ஃபீல்டின் முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 20. சில பகுதிகளுக்குத்தான் வெளியாட்களைக் கூப்பிட்டிருந்தார். நிர்வானா பேண்டின் டிரம்மராக இருந்த டேவ் க்ரோல் 1994 அக்டோபரில் சியாட்டில் அருகே சுமார் ஒரு வாரத்தில் ஒரு முழு ஆல்பத்தை முடித்தார். ஒரே ஒரு கிட்டார் பகுதி மட்டும் இன்னொருவருடையது. அதற்கு ஃபூ ஃபைட்டர்ஸ் என்று பேண்ட் பெயர் வைத்துவிட்டு, மேடை ஏற வேண்டி வந்தபோது ஆள் சேர்த்தார். ரெக்கார்டிங்கில் தனி ஆள், மேடையில் நாலு பேர். இந்த வழியில் போகிறவர்களில் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் அமைகிறது.

அடுத்தது டிரம்ஸ். பேஸைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு உள்ள அதே இ, ஏ, டி, ஜி ஒரு ஸ்தாயி கீழே இருப்பதால் விரல் சீக்கிரம் பழகிவிடும். அதனாலேயே அவசரமில்லை. தனி ஆள் ரெக்கார்டிங்கில் பலவீனம் எப்போதும் தாளத்தில்தான் வெளியே தெரியும். நாலு பேர் பேண்டில் ஒருவர் தள்ளினால் இன்னொருவர் இழுத்துப் பிடிப்பார். தனி ஆளுக்கு அந்தக் காவல் இல்லை: டிரம்ஸில் எந்த இடத்தில் ஓடுகிறீர்களோ, பேஸிலும் கிட்டாரிலும் அதே இடத்தில் ஓடுவீர்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (கைக்கு நேரே உள்ள சிறிய டிரம்), ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) மூன்றை மட்டும் வைத்து நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் ஒரு சாதாரண 4/4 தாளத்தைப் பத்து நிமிடம் விடாமல் வாசிக்கப் பழகுங்கள். பிறகு மெட்ரோனோமை (தாளத்துக்கு க்ளிக் ஒலி தரும் கருவி) 2, 4-ஆம் அடிகளில் மட்டும் ஒலிக்க விடுங்கள். அதுவும் பழகியபின் நான்கு அடிக்கு ஒரு க்ளிக். உருட்டல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எங்க ஊட்டுக்கு ரெண்டு பக்கமும் தறிக்குடோனுங்க. ராத்திரி பகல் ஓட்டம். பாட்டு ரெக்கார்ட் பண்ணினா பின்னாடி "டக்கு டக்கு"ன்னு தறிச் சத்தம் வந்துருது. சாஃப்ட்வேர்ல எடுத்தறலாமுங்களா?
– வாசகர், சோமனூர்

எடுக்கலாம், கூடவே குரலும் கொஞ்சம் போய்விடும். சத்தம் நீக்கும் சாஃப்ட்வேர், இடைவிடாத ஒரே மாதிரி இரைச்சலுக்கு நன்றாக வேலை செய்யும். தறி அப்படியில்லை, அது அடி. போதாக்குறைக்கு அதற்குச் சொந்த வேகம் ஒன்று உண்டு. உங்கள் க்ளிக் 96-ல் ஓட, பின்னால் தறி வேறொரு வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தால், கேட்பவருக்கு ஏதோ தாளம் சரியில்லை என்றுதான் தோன்றும். மிக்ஸிங்கில் குரலுக்கு கம்ப்ரஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) போட்டதும் இடைவெளிகளில் தறி மேலெழும்பி வரும்.

முதலில் வேலையைப் பிரியுங்கள். பேஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒயர் வழியாக நேராக இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) போகட்டும். ஆம்ப் ஒலியைக் கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். கீபோர்டும் எலெக்ட்ரானிக் டிரம்ஸும் அப்படியே. இவற்றுக்கு மைக் இல்லை, ஆகவே தறி ஓடினாலும் கவலையில்லை. அமைதி தேவைப்படுவது குரலுக்கும் அக்கூஸ்டிக் கிட்டாருக்கும் மட்டும்.

அந்த இரண்டுக்கும் உகந்த நாள், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாள். முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மாலை வரை. ஊரே நின்றுவிடும். லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும். தனி அடாப்டர் கேட்காமல் யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ் வேண்டும். வை-ஃபையை அணைத்து, திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கண்டென்சர் மைக்குக்கான (நுண்ணிய ஒலியையும் பிடிப்பது, மின்சாரம் கேட்பது) 48 வோல்ட்டும் அந்த பேட்டரியிலிருந்தே போவதால், இடைவேளையில் அதையும் அணைத்துவிடுங்கள். வரிகள், வேகம், ஸ்ருதி எல்லாம் முந்தின நாளே முடிவாகியிருந்தால் ஒரு பகலில் மூன்று பாட்டுக்குக் குரல் எடுத்துவிடலாம். பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த மில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும்.

மற்ற நாட்களில் பாடியே ஆகவேண்டும் என்றால் கண்டென்சரை ஒதுக்கிவிட்டு, தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக்கை எடுங்கள். வாயிலிருந்து மூன்று நான்கு அங்குலம், மைக்கின் முதுகு, இரண்டில் சத்தம் அதிகமுள்ள தறிப்பக்கம். தறியின் அடி காற்றில் மட்டுமல்ல, தரை வழியாகவும் வரும். ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பரோ ஃபோமோ வையுங்கள், குரல் ட்ராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

நாமக்கல்லுல முட்டை அட்டைக்கா பஞ்சம்! ரூம் பூரா ஒட்டிட்டேன். இருந்தாலும் பக்கத்து ஊட்டுல சண்டைக்கு வர்றாங்க, பேஸும் ஒரு மாதிரி "பொம்"முன்னு கேக்குது. ரூம் பத்துக்குப் பத்துங்க, ஒசரமும் பத்தடி.
– வாசகர், நாமக்கல்

அட்டையைப் பண்ணைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். வெளியே போகும் சத்தத்தைத் தடுப்பது கனம்: செங்கல், கான்கிரீட், கெட்டியான மரக்கதவு. முட்டை அட்டையில் கனமே இல்லை. கையைத் தட்டினால் வரும் கீச்சென்ற எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். பக்கத்து வீட்டுக்காரருக்காக முதலில் செய்ய வேண்டியது கதவைச் சுற்றியுள்ள இடுக்குகளை ரப்பர் பீடிங் போட்டு அடைப்பது. காற்று போகும் இடுக்கு இருந்தால் சுவர் எவ்வளவு தடித்திருந்தும் பயனில்லை.

"பொம்" வேறு விவகாரம். பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். உங்கள் அறைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று திசையிலும் அதே 56 குவிகிறது. பேஸ் கிட்டாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். ஏ வாசிக்கும்போதெல்லாம் அறையும் சேர்ந்து வாசிக்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அது பெருத்துக் கேட்கும். நட்ட நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். இரண்டுமே பொய். ஸ்பீக்கர் வைத்த சுவரிலிருந்து ஏறக்குறைய நாலடி தள்ளி உட்காருங்கள், பேஸின் அளவை மட்டும் ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபாருங்கள்.

உள்ளே ஒலியை உறிஞ்ச, நாலங்குல ஆழ மரச்சட்டத்தில் ராக்வுல் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) அடைத்து, சுவரிலிருந்து இன்னும் நாலங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். திருப்பூரில் கிடைக்கும் பருத்தி பனியன் கட்டிங் வேஸ்டும் இதற்கு உதவும். கல்லாக அமுக்காமல், தொங்கிப்போகாத அளவுக்கு அடைத்தால் போதும். மேலே போர்த்தும் துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் கீச்சொலிகள் திரும்பி வந்துவிடும். எலி சேராமலும் ஒயர் பக்கம் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பருத்தியும் எரிகிற பண்டம்தான். நாலு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை இன்னும் தடிமனாக அடுக்கினால் பேஸ் கொஞ்சம் தணியும். 56 ஹெர்ட்ஸ் முழுதாகப் போய்விடும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஒவ்வொரு ட்ராக்கும் தனியாகக் கேட்டால் சரியாக இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் சேறு மாதிரி, கொஞ்சம் பின்தங்கியும் கேட்கிறது. முதலில் கிட்டார், அதன் மேல் பேஸ், கடைசியில் டிரம்ஸ் வாசிக்கிறேன்.
– வாசகி, பல்லடம்

வரிசையே தலைகீழ். முதலில் க்ளிக்கும் இரண்டு பார் (தாளச் சுற்று) எண்ணிக்கையும். அதன் மேல் வழிகாட்டியாக ஒரு கிட்டாரும் ஒரு குரலும். இவை கடைசியில் அழிக்கப்படப் போகிறவை, அழகு தேவையில்லை. அதைக் கேட்டுக்கொண்டு டிரம்ஸ். பிறகு கிக் விழும் இடத்தைப் பார்த்து பேஸ். அதற்குப் பிறகுதான் நிஜக் கிட்டார். வழிகாட்டிக் கிட்டார் நன்றாக அமைந்துவிட்டது என்று பலர் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அது க்ளிக்கைப் பயந்து பிடித்து வாசித்தது, டிரம்ஸோடு ஒட்டாது.

பின்தங்கலுக்கு லேட்டன்சியை, அதாவது ஒலி கணினிக்குள் போய் வரும் தாமதத்தை, சந்தேகியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு திசைக்கு 2.7 மில்லி விநாடி. 1024 என்றால் 21. வாசிக்கும்போது 64 அல்லது 128, மிக்ஸிங்கில் 1024 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். சாஃப்ட்வேர் இந்தத் தாமதத்தைத் தானே கழித்துவிடும், ஆனால் சில இன்டர்ஃபேஸ்கள் தவறான கணக்கைச் சொல்லும். பேண்டாக ஒரே நேரத்தில் வாசித்தால் இது தெரியாது. தனி ஆளுக்கோ டிரம்ஸ் க்ளிக்குக்கு 8 மில்லி விநாடி பிந்தும், பேஸ் அந்த டிரம்ஸுக்கு 8 பிந்தும், கிட்டார் அந்த பேஸுக்கு 8. சோதிப்பது சுலபம்: இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு க்ளிக்கைத் திரும்பப் பதிவுசெய்யுங்கள். பழைய க்ளிக்குக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை சாம்பிள் கணக்கில் பார்த்து, சாஃப்ட்வேரின் ரெக்கார்டிங் ஆஃப்செட்டில் இடுங்கள்.

சேற்றுக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்டார்ஷன், அதாவது ராக் கிட்டாரின் கரகரப்பு. ஒரு கிட்டாருக்கு அழகாக இருக்கும் கெயின் (அந்தக் கரகரப்பின் அளவு), இடதும் வலதுமாக இரண்டு முறை வாசிக்கும்போது அதிகம்; மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். ஒரே டேக்கை நகல் எடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, இரண்டு தடவை வாசித்தே ஆகவேண்டும். கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி பேஸுக்கு இடம் விடுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அமுக்கிய ஸ்வரமும் அங்கேயே ஹார்மானிக்கும் ட்யூனரில் ஒன்றாக நிற்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் பேஸோடு சேரும்போது பிசிறும்.

ரிசார்ட்டுகளில் லூப்பர் பெடல் வைத்துத் தனியாக வாசிக்கிறேன். மூன்றாவது அடுக்கு போட்டதும் எல்லாம் குழம்பிவிடுகிறது.
– வாசகர், பொள்ளாச்சி

வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப்பரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அடுக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே டிஸ்டார்ஷனுக்குள் போனால் குழம்பத்தான் செய்யும். லூப்பர் வரிசையின் கடைசியில் வரட்டும். ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் என்றால், டிஸ்டார்ஷனுக்குப் பிறகு பெடலைச் சேர்க்க ஆம்பில் உள்ள சென்ட்–ரிட்டர்ன் வழியில். சம அளவுள்ள அடுக்கு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மொத்தம் சுமார் 3 டெசிபல் ஏறும். புதிதாகப் போடுவதை முந்தையதைவிடச் சத்தம் குறைவாக வாசியுங்கள். கிக், ஸ்னேர் ஒலிகளைக் கிட்டார் ஆம்ப் வழியாக விடாதீர்கள், 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அந்த ஸ்பீக்கரில் அதிகம் ஒன்றும் வராது. மிக்ஸருக்கு நேராக விடுங்கள். பெடலை முதல் அடியிலேயே மிதிக்க வேண்டும், அடி விழுந்தபின் மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். அடுக்குவதை அரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டுப் பாடத் தொடங்குங்கள். சாப்பிட வந்தவர்கள் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள்.

பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலைக்குப் போகாம ரூமைப் பூட்டிக்கிட்டு ராக் மியூசிக்குன்னு உக்காந்திருக்கானுங்க. இதுல சோறு திங்க முடியுமுங்களா?
– ஒரு தாய், பெருந்துறை

ஸ்ட்ரீமிங் வருமானத்தில் மட்டும் முடியாதுங்க அம்மா. ஆனால் நாலு வாத்தியம் நிஜமாகவே தெரிந்தவருக்கு அந்தத் திறமையால் வேறு வேலைகள் உண்டு: வகுப்பு எடுப்பது, மற்றவர் பாட்டுக்கு வாசித்துக் கொடுப்பது, கடை விளம்பர இசை, மிக்ஸிங், கல்யாண இசைக்குழுவில் ஆள் குறையும்போது எந்த நாற்காலியிலும் உட்காருவது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் தேர்வில் எட்டு கிரேடு உண்டு. வகுப்பு எடுக்க அந்தச் சான்றிதழ் கைகொடுக்கும். பையனிடம் "எப்போது சம்பாதிப்பாய்" என்று கேட்பதைவிட, "முடிந்த பாட்டு எத்தனை" என்று கேளுங்கள். பாதியில் நிற்கும் நாற்பது பாட்டு வைத்திருந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

என் பாட்டை நானே எழுதி, வாசித்து, பாடி வெளியிடுகிறேன். பதிவு, ராயல்டி எல்லாம் எப்படி?
– வாசகர், ஈரோடு

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு உரிமை அல்ல. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி. தனி ஆளாக, சொந்தச் செலவில் செய்ததால் மூன்றும் உங்களுடையவை. பதிப்புரிமை படைத்தவுடனே வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. தகராறில் சான்றாக வேண்டுமென்றால் இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டிப் பதியலாம். வரிகளுக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம்; அதில் உறுப்பினராகுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் நிறுவனம்) தரும் பணம் ஒலிப்பதிவுக்கானது, இதில் சேராது.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தெண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு உண்டு. அதை எழுதி வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் பழைய கேட்பு எண்ணிக்கை கூட வரும்; புதிய மிக்ஸுக்குப் புதிய குறியீடு வேண்டும். அமெரிக்க நிறுவனம் வழியாகப் பணம் வந்தால் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். அங்கே ராயல்டிக்குப் பிடிக்கும் 30 சதவீத வரி, இந்தியாவுடனான ஒப்பந்தத்தால் 15 ஆகும். ஒரே ஒரு பாட்டுக்கு வயலின் வாசிக்க நண்பரைக் கூப்பிட்டாலும், என்ன கொடுத்தீர்கள், எதற்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வீட்டில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. வெயில் காலத்தில் அதிகம்.
– வாசகர், காங்கேயம்

உடனே நிறுத்துங்கள், இது உயிர் விஷயம். பெரும்பாலும் ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் வேறொரு பிளக்கிலும் இருந்து, ஒன்றில் எர்த் செத்திருக்கும். உங்கள் பக்கத்து மண் வெயிலில் காய்ந்துவிட்டால் எர்த் குழியும் காய்ந்து மின்தடை ஏறும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், கோடையில் குழிக்குத் தண்ணீர் விடுங்கள். எல்லாக் கருவியையும் எர்த் உள்ள ஒரே பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் எடுங்கள், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் போடுங்கள். இரைச்சல் வருகிறதென்று மூன்றாவது பின்னை உடைப்பவர்கள் உண்டு, அதை மட்டும் செய்யவே கூடாது. அந்த இரைச்சலுக்கு டி.ஐ. பாக்ஸில் (கிட்டாரை மிக்ஸருக்கு இணைக்கும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது.