அடுப்படித் துண்டு தைப்பது: கேள்வி பதில்

போன வாரம் நம் தையல் குழுவில் அடுப்படித் துண்டு பற்றிப் பேச்சு வந்ததும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கை துடைக்கிற துண்டு, பாத்திரம் துடைக்கிற துணி, சூடான பாத்திரம் பிடிக்கிற கரித்துணி, இட்லித் துணி எல்லாம் இதில் வரும்.

கேள்வி (சேலம்): அக்கா, இப்போதுதான் மெஷின் வாங்கியிருக்கிறேன். முதல் வேலையாக நான்கு கிச்சன் டவல் தைக்கலாம் என்று ஆசை. என்ன துணி வாங்குவது?

நல்ல ஆரம்பம். துண்டு என்றால் நான்கு நேர்க்கோடுதான், தையல் ஒரு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். துணியில் ஏமாந்தால்தான் கஷ்டம். கடையில் "காட்டன்" என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி பாலியஸ்டர் கலந்திருக்கும். பார்க்கப் பளபளவென்று, கசங்காமல் அழகாக இருக்கும். தண்ணீரை மட்டும் குடிக்காது.

கடையில் ஓரத்திலிருந்து நான்கைந்து இழை உருவித் தரச் சொல்லுங்கள். வெளியே வந்து தீக்குச்சியில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும். நீளப்போக்கில் ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை இரண்டிலிருந்தும் இழை எடுங்கள். ஒன்று மட்டும் பருத்தியாக இருக்கிற துணியும் உண்டு.

என்னைக் கேட்டால் வெளுக்காத பருத்தியான காடாத் துணிதான் முதல் தேர்வு. விலை குறைவு, தடிமன் சரியாக இருக்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். வெள்ளை வேண்டாம் என்றால் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்குங்கள். கட்டத்தின் கோட்டைப் பார்த்தே வெட்டலாம், சாக்பீஸ்கூட வேண்டாம். கரூர் பக்கம் போகிறவர்கள் வீட்டுத் துணி ஏற்றுமதியில் மிஞ்சிய கட்பீஸ் விற்கும் கடைகளைப் பாருங்கள். சதுரம் சதுரமாகக் குழி விழுந்த வாஃபிள் நெசவுத் துணி கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: தைத்து முடித்துவிட்டேன். சுத்தக் காட்டன்தான், கொளுத்தியும் பார்த்தாயிற்று. ஆனால் தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அது கஞ்சி. தறியில் பாவு நூல் அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போட்டுத்தான் நெய்கிறார்கள். கடைக்கு வரும்போது விறைப்பாகத் தெரியட்டும் என்று மேலும் கொஞ்சம் ஏற்றிவிடுவதும் உண்டு. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் சுடுதண்ணீரில் சோப்பு போட்டு அலசுங்கள். இரண்டு மூன்று தடவை துவைத்தால் சரியாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள். விழுந்ததும் பரவினால் துண்டு தயார்.

துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் இருக்கிறதே, அதை இந்தத் துண்டுகளுக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். இழை மேல் மெழுகு மாதிரி படிந்து, மறுபடி தண்ணீரை ஒதுக்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி (திருநெல்வேலி): எத்தனை மீட்டர் வாங்கினால் எத்தனை துண்டு வரும்? கணக்குச் சொல்லுங்கள் அம்மா.

44 அங்குல அகலத் துணி என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் வாங்குங்கள், நீளம் ஏறக்குறைய 59 அங்குலம். வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவையுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள். பருத்தித் துணி மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும். தளர்வான நெசவு இன்னும் அதிகமாகவே சுருங்கும். சுருங்கிய பிறகு சுமார் 42க்கு 56 இருக்கும். அகலத்தில் பாதி, நீளத்தில் பாதி வெட்டினால் 21க்கு 28 அளவில் நான்கு துண்டு. ஒவ்வொரு ஓரத்திலும் மடிப்புக்கு முக்கால் அங்குலம் போகும். கடைசியில் கையில் நிற்பது 19க்கு 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அடுப்படிக்கு அது போதும்.

கரைப் பக்கம் பிசிறு வராது. அதை மடிக்காமல் அப்படியே விட்டால் ஒரு தையல் மிச்சம். ஆனால் சில துணியில் கரை மட்டும் இறுகி, துவைத்த பின் இழுத்துக்கொண்டு நிற்கும். அப்படித் தெரிந்தால் கரையை வெட்டி எறிந்துவிடுங்கள்.

நேராக வெட்ட வரவில்லை என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டு, அங்கே ஒரு இழையை மெதுவாக உருவுங்கள். துணியில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டில் கத்தரிக்கோல் ஓட்டினால் ஒரு நூல்கூடக் கோணாது.

கேள்வி (கோவை): நேர்க்கோடு எல்லாம் சரியாக வருகிறது. மூலைக்கு வந்தால் மெஷின் நிற்கிறது, தையல் தாவுகிறது, நேற்று ஊசியே உடைந்துவிட்டது. மூலை உருண்டையாகப் புடைத்துக்கொண்டும் இருக்கிறது.

இரண்டு பக்கமும் இரண்டு மடிப்பு மடித்து ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் மூலையில் துணி ஒன்பது அடுக்காகிவிடும். ஊசி என்ன செய்யும்! துணியைக் குறைப்பதுதான் வழி.

முதலில் நான்கு ஓரத்தையும் கால் அங்குலம் மடித்து இஸ்திரி போடுங்கள். அப்புறம் இன்னொரு அரை அங்குலம் மடித்து இஸ்திரி. இப்போது மூலையில் எல்லா மடிப்பையும் பிரித்துவிடுங்கள். துணியில் கட்டம் கட்டமாக இஸ்திரிக் கோடு பதிந்திருக்கும். உள்பக்கக் கோடுகள் இரண்டும் சந்திக்கிற புள்ளியைப் பாருங்கள். மூலையின் நுனியை உள்நோக்கி மடியுங்கள். மடிப்பு சரியாக அந்தப் புள்ளி வழியாகக் குறுக்கே போக வேண்டும். அதையும் இஸ்திரியால் அழுத்திவிட்டு, மடிப்பிலிருந்து கால் அங்குலம் விட்டு நுனியை வெட்டி எடுத்துவிடுங்கள். இனி பழைய கோடுகளிலேயே ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம் என்று மடித்தால் இரண்டும் 45 டிகிரியில் வந்து முட்டிக்கொள்ளும். புடைப்பு போய்விடும். முதல் மூலைக்குப் பத்து நிமிஷம் ஆகும், பொறுமையாகச் செய்யுங்கள். நான்காவது மூலை தானாக மடியும்.

காடா, கைத்தறி என்றால் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். மெல்லிய துணிக்கு 14 போதும். தையலை மூலையில் தொடங்காமல் ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். மூலைக்கு வந்ததும் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியைத் துணிக்குள் இறக்குங்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற அழுத்துகாலைத் தூக்கித் துணியைத் திருப்பி, மறுபடி இறக்கி ஓட்டுங்கள். ஓரம் அலை அலையாக வந்தால் நீங்கள் துணியை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஊசிக்கு அடியில் இருக்கிற பற்கள் துணியைத் தானாகவே நகர்த்தும். கை வழிகாட்டினால் போதும்.

கேள்வி: அம்மாவின் பழைய மிதி மெஷின். மேலே தையல் அழகாக இருக்கிறது, அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. பாபினைக் கழற்றிக் கழற்றி மாட்டி அலுத்துவிட்டது.

பாபினை விட்டுவிடுங்கள், அது பாவம். அடியில் சிக்கினால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில்தான். அழுத்துகால் இறங்கி இருக்கும்போது நூல் கோர்த்திருப்பீர்கள். அப்போது நூலைப் பிடிக்கிற இறுக்கத் தட்டுகளுக்கு நடுவே நூல் போய் உட்காராது. அழுத்துகாலைத் தூக்கி வைத்து, மேல் நூலை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்பக் கோர்த்துவிடுங்கள். தையல் தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் அழுத்துகாலுக்குப் பின்னால் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இதோடு நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் பல்லுக்குக் கீழே சேர்ந்த பஞ்சைப் பிரஷ்ஷால் எடுத்து, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

கேள்வி (ஹாஸ்டல் மாணவி): மெஷினே இல்லை அக்கா. கையால் தைத்தால் நிற்குமா?

நிற்கும் கண்ணு. ஓட்டுத் தையல் மட்டும் போட்டால் துவைக்கும்போது இழுத்துக்கொள்ளும். அதனால் கெட்டித் தையல் போடு. ஒரு தையல் முன்னால் போய் அரைத் தையல் பின்னால் வருவதுதான் அது. நூலை இரட்டையாக எடுத்துக்கொள். ஒரு முழத்துக்கு மேல் நீளம் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி (மதுரை): கரித்துணி தைக்க வேண்டும். குக்கர், வாணலி எல்லாம் பிடிக்க. உள்ளே ஸ்பான்ஜ் வைத்துத் தைக்கலாமா?

ஸ்பான்ஜ் கூடவே கூடாது. சூட்டில் உருகும். அடுப்பில் இருந்து இறக்குகிற பாத்திரத்தில் பட்டால் உருகிக் கையோடு ஒட்டும், அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. பாலியஸ்டர் துணி, நைலான் நாடா, பளபளப்பு லேஸ் எதுவும் கரித்துணிக்கு ஆகாது. நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும்.

உள்ளே வைக்கப் பழைய டர்க்கி டவல் இரண்டு அடுக்கு போதும். மேலும் கீழும் காடா. எட்டு அங்குலச் சதுரம். ஓரம் தைத்த பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தையல் ஓட்டுங்கள், உள்துணி நகராது. ரொம்பத் தடிமனாகத் தைத்துவிட்டால் விரல் மடங்காது, பாத்திரம் நழுவும். பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரக் கரித்துணியால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள். ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

கேள்வி: இட்லித் துணிக்கும் ஓரம் அடிக்க வேண்டுமா? மாமியார் வேண்டாம் என்கிறார்.

மாமியார் சொல்வதுதான் சரி. மடிப்புக்குள் மாவு போய் உட்கார்ந்தால் எவ்வளவு அலசினாலும் போகாது, புளித்த வாடை வரும். தட்டை விட ஒரு அங்குலம் பெரியதாக வட்டம் வெட்டி அப்படியே பயன்படுத்துங்கள். பிசிறு தொந்தரவாக இருந்தால் ஓரத்தில் ஒற்றையாக ஜிக்ஜாக் ஓட்டலாம். சாயம் போட்ட துணி வேண்டாம். பழைய வெள்ளை வேட்டி, மல் துணி இரண்டும் அருமை. மாவு ஊற்றும் முன் துணியை நனைத்துப் பிழிந்து விரித்தால் இட்லி ஒட்டாமல் எழும்பும்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பாவின் பழைய வேட்டிகள் ஒரு அடுக்கு இருக்கின்றன. துண்டாக்கலாமா? புடவையும் இருக்கிறது.

வேட்டியை விடச் சிறந்த பாத்திரத் துணி கிடையாது. பல வருஷம் துவைத்ததில் கஞ்சியெல்லாம் போய், சுருங்க வேண்டியதும் சுருங்கி முடிந்திருக்கும். கண்ணாடி டம்ளர் துடைத்தால் ஒரு பஞ்சு ஒட்டாது. டர்க்கி டவலால் துடைத்தால் ஒட்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த நடுப்பகுதி சல்லடையாகத் தெரியும், அதை ஒதுக்குங்கள். மிச்சம் மெல்லியதாக இருந்தால் இரண்டு அடுக்காக வைத்துத் தைக்கலாம். ஜரிகைக் கரையையும் எடுத்துவிடுங்கள், பாத்திரத்தில் உரசும். புடவை என்றால் சுங்குடி போன்ற பருத்திப் புடவை மட்டும். சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியோடு ஈரமாகச் சுருட்டி வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: மஞ்சள் கறை! சோப்பு போட்டால் சிவப்பாகிப் பயமுறுத்துகிறது.

பயப்பட ஒன்றுமில்லை. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாறும், அலசினால் திரும்பி வரும். நன்றாக அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளுக்கும். ஒரு நாளில் போகவில்லை என்றால் இன்னொரு நாள். அடிக்கடி பிளீச்சிங் போட்டால் கறையோடு துணியும் போய்விடும்.

கேள்வி (டொராண்டோ): இங்கே குளிர்காலத்தில் வெயிலுக்கு வழியில்லை. துண்டு வீட்டுக்குள்ளேயே காய்ந்து நாறுகிறது.

டர்க்கி டவலை நிறுத்திவிட்டு மெல்லிய ஒற்றைத் துணிக்கு மாறுங்கள், பாதி நேரத்தில் காயும். கொக்கியில் சுருட்டித் தொங்கவிடாமல் கம்பியில் விரித்துப் போடுங்கள். நாற்றம் ஏறிய துண்டைக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டெடுங்கள். ஆறேழு துண்டு தைத்து வைத்து தினம் ஒன்று மாற்றுவதுதான் நிரந்தர வழி.

கேள்வி: தொங்கவிட வளையம் எங்கே வைப்பது? நடுவில் பூ எம்பிராய்டரி போடலாமா?

நான்கு அங்குலப் பருத்தி நாடாவை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்தின் நடுவில் மடிப்புக்குள் செருகித் தைத்துவிடுங்கள். அந்த இடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஓட்ட வேண்டும், இழுபடுகிற இடம் அதுதான். எம்பிராய்டரியை ஒரு ஓரத்தில் போடுங்கள். நடுவில் நூல் அடைந்தால் அந்த இடம் தண்ணீர் உறிஞ்சாது. அப்புறம் அழகாக இருக்கிறதே என்று யாரும் துடைக்கவும் மாட்டார்கள்.

கேள்வி (ஈரோடு): தைத்து விற்றால் லாபம் வருமா அக்கா?

உங்கள் ஊர் ஜவுளிச் சந்தையில் தறித் துண்டு விற்கும் விலைக்கு நம்மால் தைத்துக் கொடுக்க முடியாது. வெறும் துண்டில் மோதாதீர்கள். துண்டு, கரித்துணி இரண்டையும் ஒரே கட்டத் துணியில் ஜோடியாகத் தைத்து, வெள்ளை இட்லித் துணியும் சேர்த்து, புதுமனை புகுவிழாப் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விலை போடும்போது உங்கள் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: பத்து வயதுப் பையன் தானும் தைப்பேன் என்று அடம் பிடிக்கிறான். மெஷினைக் கொடுக்கலாமா?

தாராளமாக, நீங்கள் பக்கத்தில் இருந்தால். முதலில் நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுக் காகிதத்தை வைத்து அந்தக் கோட்டிலேயே ஊசியை ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டை வரிசை நேராக வந்ததும் கட்டத் துணியைக் கொடுங்கள். காகிதத்துக்குப் போட்ட ஊசியைக் கழற்றிவிட்டுத் துணிக்குப் புது ஊசி போடுங்கள், காகிதம் முனையை மழுக்கிவிடும்.